இரவல் தவளை

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். எங்கள் பக்கம் பல பேருக்கு இந்த வியாதி உண்டு. சாதாரணமாக அக்காவை ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். கோபம் வந்துவிட்டால் ‘வாங்க, போங்க, அப்பிடிங்களா’ ஆகிவிடும். அது அவளுக்கும் தெரியும். “ஓ, மரியாதை வந்துருச்சா. அப்ப இன்னைக்கு எனக்கு நேரஞ் சரியில்ல” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பிப்பாள். கடைசி இரண்டு வருடத்தில் நான் அவளிடம் மரியாதையாகப் பேசிய நாட்கள்தான் அதிகம்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருந்தன. எனக்கு இரண்டும் நன்றாக இருந்தன. ஒன்றை எடுத்துக்கொள் என்றேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அந்த ஒரு ‘சரி’யை அவளிடமிருந்து வாங்க நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு செல்போன் விளையாட்டும் ஒரு தவளையும் வரும். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அக்கா ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஹாஸ்டலில் மேட்ரனாக இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “ஊடு நெறையப் புள்ளைகளை வெச்சுக்கிட்டு எனக்கெதுக்கு இன்னொரு ஊடு” என்பாள். அம்மாவும் இதே சீக்கில்தான் போனாள், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு எனக்குத் தலை பின்னியதிலிருந்து மாப்பிள்ளை பார்த்தது வரைக்கும் அக்காதான். நான் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரு மகள். உடம்புக்கு முடியாமல் போனதும் அக்கா ஹாஸ்டல் வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் முதல் பஸ்ஸில் டயாலிசிஸுக்குச் சேலத்துக்கு இறங்குவோம். அந்த இரண்டு நாளும் லாட்ஜில் எனக்குப் பிற்பகல் டூட்டி. வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அக்கா முன் சீட்டுக் கம்பியை இடது கையால் பிடிக்கப் போவாள். நான் தட்டிவிடுவேன். ஊசி குத்துவதற்கென்றே ஆபரேஷன் செய்து வைத்திருந்த கை அது, பாரம் படக் கூடாது. ஆஸ்பத்திரியில் காலை நேரம் முழுக்க அந்தக் கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். ரத்தம் ஒரு குழாயில் வெளியே போய், மிஷினுக்குள் சுத்தமாகி, இன்னொரு குழாயில் திரும்பி வரும். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். காப்பி கூடாது, ஆரஞ்சு கூடாது, பலாப்பழம் கூடாது. ஏற்காட்டில் பிறந்தவளிடமிருந்து இந்த மூன்றையும் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் பனி ஒன்றுதான்.

அந்த நேரத்தை ஓட்டத்தான் நான் போனில் விளையாடிக்கொண்டிருந்தேன். மழைக்காலத்தில் லாட்ஜுக்கு ஆள் வராத நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கம். திரை நிறையக் கலர் கலராக மணிகள் இருக்கும். ஒரு மணியை விரலால் இழுத்துக்கொண்டே போய், ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் அவை உடையும். உடைந்த நிறத்துக்குரிய மிருகம், எதிரே நிற்கும் அரக்கனை அடிக்கும். மிருகங்கள் சீட்டுகளாக வரும். சிங்கத்தலைப் பாம்பு, பாறை முதுகு யானை, நெருப்புக் கோழி என்று கணக்கே கிடையாது. அவற்றில் ஐந்தைப் பொறுக்கி நம் சீட்டுக்கட்டைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போக வேண்டும். பார்க்கப் பயங்கரமாக இருப்பதையெல்லாம் அடுக்கிக்கொண்டு போய் நான் அடிவாங்கிக்கொண்டிருந்தேன்.

“கழுத வயசாச்சு, பாசிமணி கோத்துக்கிட்டு இருக்கறா” என்று அக்கா முதலில் திட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை பொழுது போகாமல் “காட்டு பாக்கலாம்” என்றாள். காட்டினேன். ஐந்து சீட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹாஸ்டலில் புதிதாகச் சேர வந்த பிள்ளைகளை ஏற இறங்கப் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“ஏம் புள்ள, அஞ்சும் அடிக்கறவனுகளாவே இருக்கறானுக. மணி எடுத்துக் குடுக்கறது யாரு? அடிபட்டா மருந்து போடறது யாரு?”

“பலமா இருந்தா ஜெயிக்கலாம்லக்கா.”

“கிழிச்ச. ஜூன் மாசம் ரூம்பு பிரிக்கறப்ப நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? படிக்கறதுகளைப் பூரா ஒரே ரூம்புல போட்டா பொறாமையில ஒண்ணையொண்ணு தின்னுக்கும். அழுவறதுகளைப் பூரா ஒண்ணாப் போட்டா வருசம் பூரா அழுவும். ஒரு அழுமூஞ்சி, ஒரு வாயாடி, ஒரு தூங்குமூஞ்சி, ஒரு பெரிய மனுசி. அப்பிடிப் போட்டாத்தான் ரூம்பு நிக்கும். ஒண்ணு செய்யறது இன்னொண்ணுக்கு ஆகோணும் கண்ணு.”

அன்றைக்கே அவள் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்தேன். இடது கை மிஷினோடு கட்டிக் கிடந்ததால் போனை நான்தான் அவள் நெஞ்சுக்கு மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் வலது கை ஆள்காட்டி விரலால் மணிகளை இழுப்பாள். எனக்குத் தோள்பட்டை விட்டுப்போகும். “ஆட்டாத புள்ள, பச்சை எங்கியோ போவுது” என்று அதற்கும் திட்டு விழும்.

அவள் கட்டிய சீட்டுக்கட்டைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஒரு பாசி ஆமை: அடிகளைத் தான் வாங்கிக்கொள்ளும், வேறொன்றும் தெரியாது. ஒரு மின்மினிப் பூச்சி: சிவப்பு மணிகளைப் பச்சையாக மாற்றும். ஒரு முள்ளம்பன்றி: பச்சை மணிகள் வரிசையாக உடைந்தால் மட்டும் ரோஷம் வந்து அடிக்கும். கண்ணாடி போட்ட ஓர் ஆந்தை: அரக்கன் அடிக்கிற முறையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு அக்கா ‘ரைட்டர்’ என்று பேர் வைத்தாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் போய் எதைக் கேட்டாலும் நாளைக்கு வா என்பதுதானே பதில். ஐந்தாவது ஒரு பழுப்பு நிறக் குண்டுத் தவளை. முதுகில் ஒரு பானை இருக்கும். அதனால் ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது. ஆனால் பச்சை மணி உடையும்போதெல்லாம் பானையிலிருந்து எடுத்து எல்லாருக்கும் ஊற்றும். குறைந்த உயிரெல்லாம் ஏறிவிடும். அதற்குப் பேர் ‘சமையலம்மா’.

மின்மினி பச்சையை உண்டாக்கும். பச்சை உடைந்தால் முள்ளம்பன்றி அடிக்கும், தவளை ஊற்றும். ஆந்தை நேரம் வாங்கிக் கொடுக்கும், ஆமை முன்னால் நிற்கும். தனித்தனியாக எடுத்தால் ஐந்தும் ஒன்றுக்கும் உதவாதவை. சேர்த்து வைத்தால் என் சிங்கம், யானை, கோழி எதுவும் கிட்டே போக முடியவில்லை. “ஹாஸ்டல் யாரு இல்லாட்டியும் ஓடும், நான் இல்லாட்டியும் ஓடும். சமையலம்மா ஒரு நாளு லீவு போட்டா அன்னைக்குத் தெரியும்” என்பாள்.

நானும் ரோஷத்தில் என் கட்டைக் கலைத்துவிட்டு அவளைப் போலவே கட்டினேன். ஆமை கிடைத்தது, மின்மினி கிடைத்தது, முள்ளம்பன்றியும் ஆந்தையும் நாளாக நாளாக வந்து சேர்ந்தன. தவளை மட்டும் வரவில்லை. அது அபூர்வமாகத்தான் வரும். அவளுக்கு விளையாட ஆரம்பித்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. சீக்குக்காரிக்கு அதிலாவது அதிர்ஷ்டம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த விளையாட்டில் இரவல் கொடுக்க ஓர் இடம் உண்டு. நம் மிருகங்களில் ஒன்றை அங்கே வைத்தால், சிநேகிதக்காரர்கள் அதைத் தங்கள் சண்டைக்கு ஆறாவதாக அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே வைத்துவிட்ட மிருகம் நம் கட்டில் ஆடாது. ஆகவே எல்லாரும் தங்களுக்கு வேண்டாததைத்தான் வைப்பார்கள். அக்கா ஒரு கல்குருவியை வைத்திருந்தாள். அது உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எனக்கு அவள் ஒருத்திதான் சிநேகிதக்காரி, அவளுக்கு நான் ஒருத்திதான். அதனால் எனக்குக் கிடைத்தது அந்தக் கல்குருவிதான்.

இனி கிட்னி விஷயம். எனக்கு டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, தங்கச்சியுடையது பொருந்தும், மேற்கொண்டு பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அது மழை ஓய்ந்து காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்திருந்த நேரம்.

“காப்பி எடுப்பு முடியட்டுமுங்க டாக்டர்” என்றாள் அக்கா.

“உங்களுக்குத் தோட்டம் இருக்குதாம்மா?” என்று அவர் கேட்டார். கீழ்நாட்டுக்காரர், பாவம். எங்களுக்கு ஒரு செடிகூடக் கிடையாது. ஆனால் மலையில் காப்பி எடுப்பு சமயத்தில் யாரும் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார்கள். கல்யாணம் நிற்கும், வெள்ளையடிப்பது நிற்கும், பங்காளிச் சண்டைகூட எடுப்பு முடியட்டும் என்று நிற்கும். செடி இருக்கிறவனுக்குக் கூலியாள் கிடைக்காது, செடி இல்லாதவனும் அதே பேச்சைப் பேசுவான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அக்கா அப்படிச் சொன்னதும் நானும் நியாயந்தானே என்று தலையை ஆட்டினேன்.

எடுப்பு முடிந்தது. மிளகு வரட்டும் என்றாள். அப்புறம் தவக்காலம் வந்துவிட்டது, தவக்காலத்தில் எப்படி. ஈஸ்டர் ஆனதும் மே மாதக் கூட்டம், லாட்ஜில் எனக்கு லீவு கிடைக்காது. கூட்டம் இறங்கியதும் மழை, ரோட்டில் மண் சரியும். மழை நின்றால் கல்லறைத் திருநாள், அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அது முடிந்தால் மறுபடி காப்பி. எங்கள் ஊரில் ஒரு காரியத்தைத் தள்ளிப்போட யாரும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சுற்று முழுசாகச் சுற்றி வந்த பிறகுதான் என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு உறைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் மிஷினில் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். எழுந்து போக முடியாதே.

“உங்களுக்கு என்னதான் வேணுமுங்க? நேராச் சொல்லுங்க.”

மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மாளுக்கு இது. எனக்கு இது. உனக்கு வராதுன்னு எந்த டாக்டரு எழுதிக் குடுப்பாரு? ஒண்ணை எனக்குக் குடுத்துட்டு, இருக்கற ஒண்ணும் போச்சுன்னா? ரெண்டு பேரும் படுத்துக்கிட்டா யாரு யாரைக் கூட்டிக்கிட்டுக் கீழ வர்றது?”

“டாக்டர் அதெல்லாம் பாத்துட்டுத்தானுங்க சொல்றாரு.”

“அவரு உன்ற அக்காவா? நான்தான உன்ற அக்கா.”

எனக்குத் தாங்கவில்லை. போனைக் கையில் வைத்திருந்தேன். திரையில் மலைவாசல் என்கிற கட்டம். ஒரு கல் அரக்கன் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான், அவன் ஓங்கி ஓர் அடி அடித்தால் ஐந்தும் சுருண்டுவிடும். அக்கா எப்போதோ தாண்டிவிட்டாள். நான் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தேன். இரவல் இடத்தில் அவளுடைய கல்குருவி என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“தவளையாவது குடுங்களேன். ஒரு நாளு. உங்களுக்கு என்ன கொறைஞ்சு போவுது?”

“அதைக் குடுத்தா எம்பட கட்டு படுத்துக்கும்.”

“குடுக்கவும் மாட்டீங்க, வாங்கவும் மாட்டீங்க. என்ன பொறப்புங்க நீங்க?”

நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். அக்கா ஒரு கையாலேயே கண்ணாடியைக் கழற்றினாள். துடைக்க இன்னொரு கை இல்லாததால் அப்படியே வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

“சரி. அந்த மலைவாசலை நீயா தாண்டு. தாண்டிட்டீன்னா நான் ஆபரேசனுக்கு வர்றேன்.”

“வார்த்தை மாற மாட்டீங்களே?”

“நான் எப்ப மாறி நீ பாத்திருக்கற?”

பார்த்ததில்லை. ஹாஸ்டல் பிள்ளைகள் ஏரிக்குப் போகக் கெஞ்சினால் லேசில் சம்மதிக்க மாட்டாள். சம்மதித்துவிட்டால் கொட்டுகிற மழையிலும் குடையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவாள். அதனால் எனக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. பஸ்ஸில் மேலே வரும்போது, பாதி வழியில்தான் புரிந்தது. தவளை இல்லாமல் அந்த வாசலைத் தாண்டவே முடியாது. தவளை அவளிடம் மட்டும்தான் இருக்கிறது. அவள் தரப்போவதில்லை. என் தோளில் தலை சாய்த்து ஒன்றும் அறியாதவள் போலத் தூங்கிக்கொண்டு வந்தாள். இறக்கிவிட்டுப் போய்விடலாமா என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் விளையாடியதை விளையாட்டு என்று சொல்ல முடியாது. லாட்ஜில் சாவியைக் கொடுத்துக்கொண்டே, குழம்பு கொதிக்கிற நேரத்தில், மகளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே மலைவாசலில் முட்டிக்கொண்டிருந்தேன். தவளைக்குப் பதில் வேறெதெல்லாமோ வைத்துப் பார்த்தேன். ஒரு தடவை அரக்கனுக்கு நூலளவு உயிர்தான் பாக்கி இருந்தது. அவசரத்தில் பச்சையைத் தவறவிட்டேன். “அந்தக் கல்லு ராட்சசன் மேல வெச்சிருக்கற கவனத்துல கால்வாசி எம்மேல வெச்சிருந்தா நான் எங்கியோ போயிருப்பேன்” என்று வீட்டுக்காரர் கேலி செய்தார். பந்தயத்தைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்பார்.

இதில் வேடிக்கை, அக்கா எனக்குக் கூட இருந்து யோசனை சொல்வாள். “பச்சையைக் கண்டதும் ஒடைச்சுராத. சேத்து வெச்சு ஒட்டுக்கா ஒடை.” “ரைட்டரைக் கடைசிக்கு வெச்சுக்க.” மனசாரத்தான் சொல்வாள். நான் தோற்றதும் அவள் முகத்தைப் பார்ப்பேன். ஒரு பக்கம் அப்பாடா என்று இருக்கும், ஒரு பக்கம் ச்சே என்று இருக்கும். இரண்டும் அந்த ஒரே முகத்தில்தான் இருந்தன.

தினமும் காலையில் எழுந்ததும் இரவல் இடத்தைப் பார்ப்பேன். கல்குருவி. மறுநாளும் கல்குருவி. எடுப்பு வந்து போனது, தவக்காலம் வந்து போனது. அக்காவின் கால்கள் வீங்க ஆரம்பித்தன. சாப்பிட்டது நிற்கவில்லை. மிஷினிலிருந்து எழுந்தால் நடக்க முடியாமல் என் மேல் சாய்ந்துகொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டால் சாப்பிடுவதையும் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மே மாதம் வந்தது. லாட்ஜ் நிறைந்துவிட்டது, முதலாளி யாருக்கும் லீவு கிடையாது என்றுவிட்டார். ஒரு வாரம், நடுவில் ஒரு சாயங்காலம் காற்றும் மழையும் போட்டு அடித்து, சில்வர் ஓக் மரங்கள் ரோட்டில் விழுந்து, கேபிள் அறுந்து, ஊரில் ஒரு போனிலும் டவர் இல்லாமல் போய்விட்டது. வந்திருந்த டூரிஸ்ட்டுகள் எல்லாரும் ரிசப்ஷனில் வந்து என்னைப் பிடித்துக் கத்தினார்கள், டவரை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்ட மாதிரி. அந்த வாரம் வெள்ளிக்கிழமை என்னால் போக முடியவில்லை. ஜீப் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர்தான் அக்காவைச் சேலத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார்.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது அக்கா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக மிஷினுக்குப் போய் வந்த அன்று கண்ணைத் திறக்க மாட்டாள். அன்றைக்கு முகம் தெளிவாக இருந்தது.

“கேமு பாத்தியா புள்ள?”

எனக்குக் கால் வலி, தலைவலி, பசி. “டவரே இல்லீங்க. ஊரே என்னைப் புடிச்சுக் கத்துது. கேமு ஒண்ணுதான் எனக்குக் கொறைச்சல்.”

“ஓ, மரியாதை வந்துருச்சா” என்று சிரித்தாள். “சரி, டவர் வரட்டும்.”

பிறகு காப்பி கேட்டாள். கூடாது என்று தெரியும். அரை டம்ளர் கொடுத்தேன். சூடு ஆறும் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் குடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது குளிர் வந்தது. மூன்று கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. ஜீப்பில் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஊசி குத்தும் இடத்திலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, இந்தச் சீக்கு இருக்கிறவர்களுக்கு இப்படி ஆவது உண்டு என்றார்கள். அடுத்த மிஷின் நாளுக்கு அவள் இல்லை. நடுவில் ஒரு தடவை நினைவு வந்து, “சாப்டியா கண்ணு” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அதுதான் எங்கள் கடைசிப் பேச்சு.

அம்மாவுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். ஹாஸ்டலில் இருந்து படித்துப் போன பெண்கள் எங்கெங்கிருந்தோ வந்து, யாரும் சொல்லாமலே வரிசையாக நின்றார்கள். வரிசை கோணலாக இருந்தால் அவள் திட்டுவாள் என்கிற பயம் அவர்களுக்கு இன்னும் இருந்தது போல. அதைப் பார்த்துத்தான் நான் உடைந்து அழுதேன்.

ஜூன் மாத மழையில் லாட்ஜ் காலியாகிவிட்டது. ரிசப்ஷனில் உட்கார்ந்து ஏரி தெரியாமல் பனி மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை தன்னாலே போனை எடுத்து அந்த விளையாட்டைத் திறந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் திறந்ததுதான், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. பழக்க தோஷத்தில் இரவல் இடத்தைப் பார்த்தேன்.

தவளை உட்கார்ந்திருந்தது. முதுகில் பானையோடு.

விளையாட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மூடித் திறந்தேன். தவளைதான். அக்காவின் பேரைத் தொட்டால் அவள் கட்டு தெரியும். ஆமை, மின்மினி, முள்ளம்பன்றி, ஆந்தை. ஐந்தாவது இடம் காலி. அதில் வேறெதையும் அவள் வைக்கவில்லை. கடைசியாக அவள் வந்து போனது அந்த வெள்ளிக்கிழமை என்று அடியில் போட்டிருந்தது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மஞ்சக்குட்டையில் சவாரிக்குக் காத்திருந்தார்.

“அன்னைக்கு ஆஸ்பத்திரில அக்கா போன்ல ஏதாச்சும் பண்ணுச்சுங்களா?”

“ஆமா. கொஞ்சம் போனைப் புடிங்க மாப்ளைன்னாங்க. புடிச்சேன். ஒத்தை வெரல்ல என்னமோ தேச்சாங்க. அப்பறம், அவகிட்ட நீங்க சொல்லாதீங்க, அவளே பாக்கட்டும்னாங்க. எனக்கு அதுல என்ன தெரியும். ஏன் புள்ள, என்னாச்சு?”

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். இங்கே மேலேதான் டவர் இல்லை, சேலத்தில் இருந்திருக்கிறது.

சம்மதித்திருக்கிறாள். தவளையைக் கொடுத்தால் நான் வாசலைத் தாண்டிவிடுவேன், தாண்டினால் அவள் வர வேண்டும். அது தெரிந்துதான் எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு வருடத்துக்கு மேல் நான் அழுது கேட்ட ‘சரி’யை ஒரு தவளையை நகர்த்திச் சொல்லியிருக்கிறாள்.

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். வாய் இருந்ததே. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். டவர் வரட்டுமாம். காப்பி வரட்டும், மிளகு வரட்டும் என்று பழகிய வாய், சம்மதத்தையும் அப்படியே தள்ளிப்போட்டுவிட்டது. அன்றைக்குச் சொல்லியிருந்தாலும் அவள் பிழைத்திருக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். இரண்டு நாளில் எந்த டாக்டரும் கிட்னி வைக்க மாட்டார். ஆனால் அந்த இரண்டு நாள் நான் சந்தோஷமாக இருந்திருப்பேன். அவளுக்கு முழு டம்ளர் காப்பி கொடுத்திருப்பேன். நான் சந்தோஷப்படுவதை அவளும் பார்த்திருப்பாள். அது இரண்டு பேருக்கும் கிடைக்காமல் போய்விட்டது.

ரிசப்ஷனில் யாரும் இல்லை. தவளையை ஆறாவதாக அழைத்துக்கொண்டு மலைவாசலுக்குப் போனேன். அரக்கன் அடித்தான். ஆமை வாங்கிக்கொண்டது. பச்சையைக் கண்டதும் உடைத்துவிடாமல் சேர்த்து வைத்தேன். ரைட்டரைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். ஒட்டுக்கா உடைத்தபோது தவளை பானையைச் சாய்த்து எல்லாருக்கும் ஊற்றியது. எல்லாருக்கும் உயிர் ஏறியது. அவன் ஓங்கி அடித்த அடியில் ஒன்றும் விழவில்லை. இரண்டாவது தடவை பச்சை உடைந்ததும் கல் அரக்கன் தூளாகிப் போனான், வாசல் திறந்துகொண்டது. அவ்வளவு லேசாக இருந்தது.

போனை மேஜையில் வைத்தேன். சாவி மாட்டுகிற பலகைக்குக் கீழே ஒரு நாற்காலி கிடக்கும். ஹாஸ்டலில் வேலை பார்த்த காலத்தில் சாயங்காலம் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அக்கா அதில்தான் உட்காருவாள். அதைப் பார்த்து, வாய்விட்டே சொன்னேன்.

“ஜெயிச்சுட்டேனுங்க அக்கா. கெளம்புங்க, கீழ போலாம்.”